மூன்று கட்சி கண்ட ஜனாதிபதி

கட்சி மாறுவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1967-ல் அரியானாவில் ஒரு சட்டசபை உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அதே 1967-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொரு கட்சி மாறியவரின் கதை உச்சத்துக்கு வந்தது. இரண்டு கட்சிகளை விட்டு வெளியேறி, மூன்றாவதாகத் தானே ஒரு கட்சியைத் தொடங்கி, ஆளும் கட்சியைத் தேர்தலில் தோற்கடித்தவர் அவர். பிரதமராகப் பதவி ஏற்ற அன்றே இராணுவம் அவரைக் கைது செய்தது.

அவர் பெயர் சியாக்கா ஸ்டீவன்ஸ். நாடு சியரா லியோன். போலீஸ்காரராகவும், ரயில் பாதை போடும் வேலையிலும், சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலும் இருந்து மேலே வந்தவர். பிற்பாடு 17 ஆண்டுகள் அந்த நாட்டை ஆண்டார். இரண்டு முறை கட்சி மாறிய அவரே கடைசியில் நாட்டில் மாறிக்கொள்ள வேறு கட்சியே இல்லாமல் செய்தார்.

வைரம் விளையும் பூமி

சியரா லியோன், அட்லாண்டிக் கடற்கரையில் கினிக்கும் லைபீரியாவுக்கும் நடுவில் இருக்கிறது. பரப்பில் நம் கேரளத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலைநகர் பிரீடவுன். விடுதலை பெற்ற அடிமைகளைக் குடியேற்றிய ஊர் என்பதால் அந்தப் பெயர் வந்தது.

வெள்ளைக்காரர்கள் அந்த நாட்டை இரண்டாகப் பிரித்து ஆண்டார்கள். பிரீடவுனும் சுற்றுப்புறமும் ஒரு பகுதி. அங்கே படித்தவர்களும் வக்கீல்களும் டாக்டர்களும் அதிகம். 1896-ல் உள்நாட்டைத் தங்கள் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே குலத்தலைவர்களின் அதிகாரம் நடந்தது. தெற்கிலும் கிழக்கிலும் மெண்டே மக்கள். வடக்கில் டெம்னே, லிம்பா மக்கள். பின்னால் நடந்த அரசியல் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பிரிவினை இருந்தது.

மண்ணுக்கு அடியில் வைரமும் இரும்புத் தாதுவும் கிடந்தன. மண்ணுக்கு மேலே வாழ்ந்தவர்களோ பரம ஏழைகள்.

சார்ஜண்ட் ஸ்டீவன்ஸ்

ஸ்டீவன்ஸ் 1905-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, தெற்கே உள்ள மொயாம்பாவில் பிறந்தார். தந்தை லிம்பா இனத்தவர், தாய் மெண்டே இனத்தவர். இளமையில் பிரீடவுனில் வளர்ந்தார். அமெரிக்க கிறிஸ்தவ மிஷனரிகள் தொடங்கிய ஆல்பர்ட் அகாடமி என்ற உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதற்கு மேல் கல்லூரிக்குப் போகவில்லை.

1923-ல் போலீசில் சேர்ந்தார். ஏழு ஆண்டு வேலையில் முதல் வகுப்பு சார்ஜண்டாக உயர்ந்தார். துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் வேலையும் பார்த்தார். 1930-ல் போலீஸ் வேலையை விட்டார்.

அந்தச் சமயத்தில் மராம்பா என்ற இடத்தில் இரும்புச் சுரங்கம் திறக்கும் வேலை நடந்தது. சியரா லியோன் அபிவிருத்திக் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதை நடத்தியது. தாதுவைக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் பெப்பல் துறைமுகம் வரை ரயில் பாதை வேண்டும். அந்த ரயில் பாதை வேலையில் ஸ்டீவன்ஸ் 1931-ல் சேர்ந்தார். 1933-ல் தாது ஏற்றுமதி தொடங்கியது. 1946 வரை, பதினைந்து ஆண்டுகள் அவர் வாழ்க்கை அந்தக் கம்பெனியோடும் அதன் தொழிலாளர்களோடும் கழிந்தது.

வெட்டி எடுத்த தாது கப்பலேறிப் போயிற்று. வெட்டியவனுக்குக் கிடைத்தது அரை வயிற்றுக் கூலி. 1943-ல் ஸ்டீவன்ஸும் சிலரும் சேர்ந்து ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர் பிரதிநிதியாக 1946-ல் உள்நாட்டு ஆலோசனை சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டில் உள்ள ரஸ்கின் கல்லூரியில் தொழிலாளர் பிரச்சினைகள் பற்றிப் படித்தார். தொழிற்சங்க ஊழியர்களுக்கென்றே பேர் பெற்ற கல்லூரி அது.

முதல் கட்சி

1951-ல் சியரா லியோன் மக்கள் கட்சி உருவானது. தலைவர் டாக்டர் மில்டன் மார்காய். உள்நாட்டுப் பகுதியில் பிறந்து டாக்டர் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். அவருடைய சகோதரர் ஆல்பர்ட் மார்காய் வக்கீல். இந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர்.

அதே ஆண்டு சட்டசபைக்குப் போனார். 1952-ல் நிலம், சுரங்கம், தொழிலாளர் இலாகாக்களுக்கு மந்திரி ஆனார். அந்த நாட்டில் அந்த இலாகாக்களுக்கு அவரே முதல் மந்திரி.

சங்கத் தலைவராக இருப்பது வேறு, தொழிலாளர் மந்திரியாக இருப்பது வேறு. 1955 பிப்ரவரியில் பிரீடவுனில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது கலவரமாக மாறியது; பலர் உயிர் இழந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் தொழிலாளர்கள். சர்க்கார் பக்கத்தில் இருந்தவர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கண்ட ஸ்டீவன்ஸ். அவர் வாழ்க்கையில் இப்படி இடம் மாறி நிற்க நேர்ந்தது இது முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

முதல் மாற்றம்

1957-ல் பொதுத்தேர்தல் நடந்தது. ஸ்டீவன்ஸ் வென்றார். ஆனால் தேர்தல் வழக்கில் அவர் வெற்றி செல்லாது என்று ஆகிவிட்டது. சபையில் இடம் போயிற்று.

கட்சிக்குள்ளும் சண்டை. டாக்டர் மில்டன் மார்காய் மெல்லப் போகிறவர். குலத்தலைவர்களையும் வெள்ளைக்காரர்களையும் அனுசரித்து நடந்தவர். இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. தலைமைப் பதவிக்கு அண்ணனை எதிர்த்துத் தம்பி ஆல்பர்ட் நின்றார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தம்பி ஜெயித்தார். பிறகு சமரசம் பேசி அண்ணனுக்கே விட்டுக் கொடுத்தார். ஆனாலும் மனக்கசப்பு தீரவில்லை.

1958-ல் ஆல்பர்ட்டும் ஸ்டீவன்ஸும் வெளியேறி மக்கள் தேசியக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆல்பர்ட் தலைவர். ஸ்டீவன்ஸ் துணைத் தலைவர், பொதுச்செயலாளர். அவருக்கு இது இரண்டாவது கட்சி.

கையெழுத்துப் போட மறுத்தார்

1960-ல் சுதந்திரம் பற்றிப் பேச லண்டனில் மாநாடு கூடியது. கட்சிகள் எல்லாம் ஒரே அணியாகச் சேர்ந்து போயின. மாநாடு முடிந்தது. உடன்படிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டீவன்ஸ் மட்டும் போடவில்லை.

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. பிரிட்டனோடு இராணுவ ஒப்பந்தம் செய்துகொள்வது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்பது ஒன்று. சுதந்திரத்துக்கு முன்னால் தேர்தல் நடத்தி, மக்கள் யாரை விரும்புகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று.

சபையில் இடம் இல்லாத மனிதர் தேர்தல் கேட்டது தன் நன்மைக்காகவும்தான் என்று எதிரிகள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அன்று அவரோடு சேர்ந்து போன ஆல்பர்ட் மார்காய், அண்ணன் மந்திரிசபையில் இடம் பெற்று நாடு திரும்பினார். கையெழுத்து மறுத்த ஸ்டீவன்ஸைக் கட்சி வெளியேற்றியது.

ஊர் திரும்பியதும், சுதந்திரத்துக்கு முன் தேர்தல் வேண்டும் என்று ஓர் இயக்கம் நடத்தினார். பிரீடவுனின் வேலையற்ற இளைஞர்களும், சங்கத் தொழிலாளர்களும், தெற்கத்தியர் ஆதிக்கத்தில் மனம் வெந்த வடக்குப் பகுதி மக்களும் அதில் திரண்டார்கள். அந்த இயக்கமே 1960-ல் அனைத்து மக்கள் காங்கிரஸ் என்ற கட்சியாக மாறியது. இது மூன்றாவது கட்சி. இதை அவர் சாகும் வரை விடவில்லை.

சியரா லியோன் 1961 ஏப்ரல் 27-ந் தேதி சுதந்திரம் பெற்றது. பிரீடவுனில் கொடி ஏற்றினார்கள். அப்போது ஸ்டீவன்ஸ் சிறையில் இருந்தார். கலகம் வரலாம் என்று சொல்லி, நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்து, அவரையும் அவர் கட்சித் தலைவர்களையும் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார்கள்.

ஒரே நாளில் பதவியும் காவலும்

1962 தேர்தலில் புதிய கட்சி பலமான எதிர்க்கட்சியாக வந்தது. 1964-ல் ஸ்டீவன்ஸ் பிரீடவுன் நகர மேயர் ஆனார். அதே ஆண்டு பிரதமர் மில்டன் மார்காய் காலமானார். தம்பி ஆல்பர்ட் பிரதமரானார்.

ஆல்பர்ட் மார்காய்க்கு ஓர் ஆசை வந்தது. நாட்டில் ஒரே கட்சி இருந்தால் போதும் என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார். அதை முன்னின்று எதிர்த்தவர் ஸ்டீவன்ஸ். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எதிர்க்கட்சி இல்லாத ஆட்சி கொடுங்கோலாகிவிடும் என்று எச்சரித்தார். எதிர்ப்பு வலுக்கவே, பிரதமர் அந்த யோசனையைக் கைவிட்டார். வாசகர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1967 மார்ச் 17-ந் தேதி பொதுத்தேர்தல். ஸ்டீவன்ஸ் கட்சி மயிரிழையில் முந்தியது. மார்ச் 21-ந் தேதி கவர்னர் ஜெனரல் அவருக்குப் பிரதமர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஆப்பிரிக்காவில் அந்நாளில் இது அதிசயம். ஆளும் கட்சி ஓட்டுப் பெட்டியால் தோற்று எதிர்க்கட்சி வருவது கண்டத்தில் காணக் கிடைக்காத காட்சியாக இருந்தது.

ஆனால் கவர்னர் மாளிகையை விட்டு அவர் வெளியே வர முடியவில்லை. குலத்தலைவர்களுக்கான இடங்களில் தேர்தல் முடிவதற்குள் எப்படிப் பதவி கொடுக்கலாம் என்று கேட்டுத் தளபதி டேவிட் லான்சானா மாளிகையை முற்றுகை இட்டார். ஸ்டீவன்ஸும் கவர்னர் ஜெனரலும் காவலில் வைக்கப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மற்ற இராணுவ அதிகாரிகள் லான்சானாவையே கைது செய்து தாங்களே ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீவன்ஸ் பின்னர் அண்டை நாடான கினிக்குப் போனார்.

ஒரு வருடம் இராணுவ ஆட்சி நடந்தது. சம்பளத்திலும் சாப்பாட்டிலும் குறைபட்டுக் கிடந்த சாதாரணச் சிப்பாய்களும் சார்ஜண்டுகளும் 1968 ஏப்ரலில் கிளம்பினார்கள். அதிகாரிகளைப் பிடித்து அடைத்தார்கள். தேர்தலில் ஜெயித்தவரிடமே ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1968 ஏப்ரல் 26-ந் தேதி ஸ்டீவன்ஸ் மறுபடியும் பிரதமரானார். சார்ஜண்டாக வாழ்க்கையைத் தொடங்கியவருக்குச் சார்ஜண்டுகளே நாற்காலியை மீட்டுக் கொடுத்தார்கள்.

மாறிய மனிதர்

மக்கள் அவரை அன்போடு பா ஷாக்கி என்று அழைத்தார்கள். பா என்பது பெரியவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். கூட்டத்தில் எளிமையாகப் பேசுவார். எந்த இனத்தாரோடும் சரளமாகப் பழகுவார். தங்களில் ஒருவர் ஆட்சிக்கு வந்துவிட்டார் என்று தொழிலாளர்கள் நம்பினார்கள்.

1970-ல் அவருடைய நிதி மந்திரி டாக்டர் முகமது ஃபோர்னா ராஜினாமா செய்தார். வேறு சிலரோடு சேர்ந்து புதுக் கட்சி தொடங்கினார். 1958-ல் ஸ்டீவன்ஸ் செய்ததும் இதுதான். ஆனால் இந்தப் புதுக் கட்சிக்குத் தடை விதிக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பிறகு 1974-ல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ஃபோர்னா மீது வழக்குப் போட்டார்கள். 1975 ஜூலையில் ஃபோர்னா உட்பட எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். ஸ்டீவன்ஸ் கட்சி மாறியபோது அவருக்குக் கிடைத்தது சிறைவாசம். அவரை விட்டு மாறியவருக்குக் கிடைத்தது தூக்குக்கயிறு.

1971 மார்ச்சில் இராணுவத்தில் கலகம் நடந்தது. தலைமை தாங்கியவர் தளபதி ஜான் பங்குரா. 1968-ல் ஸ்டீவன்ஸ் மீண்டும் பதவிக்கு வர உதவியவர். கலகம் அடங்கியது, அவருக்கு மரண தண்டனை. ஸ்டீவன்ஸ் தன்னைக் காக்கக் கினி நாட்டோடு இராணுவ ஒப்பந்தம் செய்து, அந்த நாட்டுச் சிப்பாய்களை வரவழைத்தார். பதினோரு ஆண்டுக்கு முன் அந்நிய இராணுவ ஒப்பந்தம் கூடாது என்று லண்டனில் பேனாவைக் கீழே வைத்தவர் இவர்தான். அடுத்த மாதமே நாடு குடியரசாயிற்று. ஸ்டீவன்ஸ் சகல அதிகாரமும் கொண்ட ஜனாதிபதி ஆனார்.

1973 தேர்தலில் வன்முறை தாங்காமல் எதிர்க்கட்சி போட்டியிலிருந்து விலகியது. 1977 ஜனவரியில், பட்டமளிப்பு விழாவிலேயே பல்கலைக்கழக மாணவர்கள் அவருக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். போராட்டம் நாடு முழுவதும் பரவியது. அவர் தேர்தலுக்கு உத்தரவிட்டார். எதிர்க்கட்சிக்குப் பதினைந்து இடங்கள் கிடைத்தன.

அந்தப் பதினைந்து பேரைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை. 1978-ல் ஒரே கட்சிச் சட்டம் கொண்டுவந்தார். பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு 97 பேர் ஆதரித்ததாக சர்க்கார் அறிவித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஜனாதிபதி கட்சியில் சேர வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். அவர்கள் சேர்ந்தார்கள். தன் விருப்பப்படி இரண்டு முறை கட்சி மாறிய மனிதர், விருப்பம் இல்லாதவர்களைக் கட்டாயமாகக் கட்சி மாற்றினார்.

1981-ல் விலைவாசி தாளாமல் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சங்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். உத்தரவு போட்டவர், 1943-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய அதே ஸ்டீவன்ஸ்.

தண்டவாளம் போன கதை

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் வருத்தப்படுவார்கள்.

சியரா லியோன் சர்க்கார் ரயில்வே 1890-களில் தொடங்கியது. நம் கால்கா - சிம்லா மலை ரயில் ஓடும் அதே இரண்டரை அடிப் பாதை. 1908-க்குள் பிரீடவுனில் இருந்து கிழக்கே பெண்டெம்பு வரை சுமார் 227 மைல் போய்விட்டது. ஸ்டீவன்ஸ் பிறந்த மொயாம்பாவும் அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். காப்பி, கொக்கோ, பனங்கொட்டை எல்லாம் அதில்தான் துறைமுகத்துக்கு வந்தன. ஏழை ஜனங்களுக்கு அதுவே வாகனம்.

வரவுக்கு மேல் செலவு ஆகிறது, ரயிலை மூடிவிட்டு ரோடு போடுங்கள் என்று வெளிநாட்டுக் கடன் நிபுணர்கள் ஆலோசனை சொன்னார்கள். நஷ்டம் உண்மை. படிப்படியாக மூடினார்கள். 1974-ல் கடைசி ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றார்கள். பாதை போனது மெண்டே மக்கள் வாழும் பகுதி வழியாக. அவர்கள் பழைய கட்சியின் ஆதரவாளர்கள். அவர்களைத் தண்டிக்கவே மூடினார் என்று தெற்கிலும் கிழக்கிலும் மக்கள் பேசினார்கள். நஷ்டம் ஒரு காரணம், அரசியல் ஒரு காரணம் என்று கொள்வதே பொருத்தம். எதுவானாலும் ரயில் பாதை போட்டு வாழ்க்கையைத் தொடங்கியவரின் ஆட்சியில் தண்டவாளம் பிடுங்கப்பட்டது. 1975-ல் மராம்பா இரும்புச் சுரங்கக் கம்பெனியும் மூடிக்கொண்டது.

வைரத்தின் கதையும் அதுவே. 1971-ல் வைரக் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை சர்க்கார் எடுத்துக்கொண்டது. நல்ல காரியம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் வைரம் சர்க்கார் கணக்கில் வராமல் கள்ளத்தனமாகப் போகத் தொடங்கியது. 1970-ல் கணக்கில் வந்த ஏற்றுமதி 20 லட்சம் காரட்டுக்கு மேல். 1980-ல் 5 லட்சத்து 95 ஆயிரம் காரட். 1988-ல் வெறும் 48 ஆயிரம் காரட். மண்ணில் வைரம் குறைந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. ஜனாதிபதிக்கும் அவருக்கு வேண்டிய வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதி இருக்கிறார்கள்.

1980-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனத்தின் உச்சி மாநாடு பிரீடவுனில் நடந்தது. ஓட்டல்கள், தலைவர்களுக்குப் பங்களாக்கள், புது விளக்குகள் என்று 20 கோடி டாலர் வரை செலவானதாக மதிப்பிட்டார்கள். மாநாடு முடிந்தது, கடன் நின்றது. அரிசி விலை ஏறியது.

அமைதியான முடிவு, அமைதி இல்லாத நாடு

எண்பது வயதானதும், 1985 நவம்பரில் ஸ்டீவன்ஸ் தானாகப் பதவி விலகினார். ஆப்பிரிக்காவில் அப்படி விலகியவர்கள் சிலரே. ஆனால் தன்னோடு பல ஆண்டு உழைத்த கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இராணுவத் தளபதி ஜோசப் மோமோவிடம் நாட்டை ஒப்படைத்தார். தேர்தலில் மோமோ ஒருவரே வேட்பாளர்.

1988 மே 29-ந் தேதி பிரீடவுனில் ஸ்டீவன்ஸ் காலமானார்.

அவர் போய் மூன்று வருடம் ஆவதற்குள் உள்நாட்டுப் போர் வெடித்தது. கலகப்படைத் தலைவன் ஃபோடே சங்கோ. 1971 கலகத்தில் சம்பந்தப்பட்டதாக ஸ்டீவன்ஸ் ஆட்சியில் சிறையில் இருந்த பழைய கார்ப்பரல். 1991 முதல் 2002 வரை அந்தப் போர் நடந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கள்ள வைரம் துப்பாக்கி வாங்கப் பயன்பட்டது. எதிர்த்துப் பேச மேடை இல்லாமல், படித்தும் வேலை இல்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறையில் இருந்து அந்தப் படைக்கு ஆள் கிடைத்தது.

ஒரே கட்சிச் சட்டம் 1991-ல் ஒழிந்தது. போர் முடிந்த பிறகு நடந்த தேர்தல்களில் 2007-லும் 2018-லும் ஆளும் கட்சி தோற்று எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. 2007-ல் வந்தது ஸ்டீவன்ஸின் கட்சி. 2018-ல் வந்தது அவர் 1951-ல் தொடங்க உதவிய பழைய கட்சி. அவர் இல்லாமல் ஆக்க நினைத்த போட்டியால் அவர் கட்சியே லாபம் அடைந்தது.

கட்சி மாறியதற்காக ஸ்டீவன்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காத இடத்தை விட்டு வெளியேறும் உரிமை யாருக்கும் உண்டு. சங்கத்தில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த உரிமையால் மேலே வந்தவர், மேலே வந்த பிறகு மற்றவர்களுக்கு அதை மறுத்தார். அவர் மேல் உள்ள குற்றம் அதுதான். நம்மோடு வேலை செய்து நம்மில் இருந்து தலைவராகப் போகிறவர்களை, போகும்போது மட்டும் பார்த்துக் கைதட்டினால் போதாது. போன பிறகும் கவனிக்க வேண்டும்.

பிரீடவுனில் கிளைன் டவுன் என்ற பகுதியில் பழைய ரயில்வே பட்டறை இருக்கிறது. அங்கே மிஞ்சிய எஞ்சின்களையும் பெட்டிகளையும் துடைத்து, வர்ணம் பூசி, 2005-ல் ரயில்வே கண்காட்சி சாலையாகத் திறந்தார்கள். ரயிலில் ஏறியே அறியாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே போய் ரயிலைப் பார்க்கிறார்கள்.